நூலுக்கு முகவரி தந்தவர்

நுழையும் முன்

நூலகத்தில் உள்ள ஒவ்வொரு நூலின் முதுகிலும் ஒரு சிறு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் சில எழுத்துகளும் எண்களும் காணப்படும். வீட்டிற்குக் கதவு எண் எப்படியோ, அப்படியே நூலுக்கு அந்த எண். அம்முகவரியை எழுதும் முறை ஒன்றை உலகிற்கு அளித்தவர் சீர்காழியில் பிறந்த ஒரு கணித ஆசிரியர். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதனின் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு பெயர், இரண்டு நூல்கள்

மும்பை மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் அருகே, நடைபாதையில் பழைய நூல்களை அடுக்கி விற்கும் கடைகள் உள்ளன. அங்கே நின்று பார்ப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். ஒரே நூல் பல அட்டைகளோடு, பல அளவுகளில், பல ஆண்டுகளில் அச்சாகி வந்து குவிந்திருக்கும். பெயர் ஒன்று, உருவம் பல.

தமிழ்க் குடும்பங்களின் வீடுகளிலும் இதைக் காணலாம். தாராவியில் வாழும் ஒரு சிறுமியின் வீட்டில், பாட்டனார் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பாரதியார் கவிதை நூல் ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். செம்பூரில் இருக்கும் அவள் மாமா அதே பெயருடைய புதிய நூல் ஒன்றை வாங்கித் தருகிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பக்க எண்கள் ஒத்துவருவதில்லை. பழைய நூலில் அருஞ்சொற்பொருள் இல்லை, புதியதில் இருக்கிறது. பழையதில் உள்ள அச்சுப்பிழை புதியதில் திருத்தப்பட்டுள்ளது. ஆசிரியர் குறிப்பிட்ட பக்கம் எந்த நூலுக்கு உரியது என்ற ஐயம் அவளுக்கு எழுகிறது.

வீட்டில் உள்ள இரண்டு நூல்களைக் கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். ஓர் இலட்சம் நூல்கள் உள்ள நூலகத்தில் எவ்வாறு பிரிப்பது? கேட்டவர் கையில் அவர் கேட்ட அதே நூலை எவ்வாறு சேர்ப்பது? இவ்வினாவிற்கு விடை காண்பதில்தான் அரங்கநாதன் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

சீர்காழி முதல் சென்னை வரை

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் பிறந்தார். தந்தையார் இராமாமிர்தம். தாயார் சீதாலட்சுமி. அரங்கநாதனுக்கு ஆறு வயதானபோது தந்தையார் மறைந்தார். இளமையில் அவருக்குத் திக்குவாய்க் குறையும் இருந்தது. பேச எழும் சொல் நாவிலேயே தடைபட்டு நின்றது. எனினும் அவர் கல்வியைக் கைவிடவில்லை.

உள்ளூர்ப் பள்ளியில் படித்த பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே எட்வர்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியரின் அன்பிற்குரிய மாணவரானார். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்தார். மங்களூரிலும் கோவையிலும் கணிதம் கற்பித்த பின்னர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். பேசத் தடுமாறிய சிறுவன், வகுப்பறையில் நின்று பாடம் நடத்தும் ஆசிரியராக உயர்ந்தது அவருடைய விடாமுயற்சிக்கு முதற்சான்று.

வெறுமையான நூலகம்

1924ஆம் ஆண்டு சனவரியில் அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர்கள் சூழ இருந்து பழகியவருக்கு அந்த இடம் பாலையாகத் தோன்றியது. நூல்கள் இருந்தன, அவற்றைத் தேடி வருவோர் மிகச் சிலரே. சில நாள்களிலேயே அவர் மனம் சலித்தார். தம்மைப் பழைய கணித ஆசிரியர் பணிக்கே திருப்பி அனுப்புமாறு வேண்டினார்.

முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வரலாம். அதன் பின்னும் மனம் ஒட்டாவிட்டால் கல்லூரிக்குத் திரும்பலாம் என்று முடிவாயிற்று. அவ்வாறே அவர் அந்த ஆண்டிலேயே கப்பலேறினார். திரும்பி வந்தபின் கல்லூரியைப் பற்றிய பேச்சே எழவில்லை.

இலண்டனில் கண்ட விளையாட்டுப் பொருள்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்னும் நூலகரிடம் அரங்கநாதன் பயின்றார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். அங்கே குழந்தைகளும் தொழிலாளர்களும் இல்லத்தரசிகளும் நூலகத்திற்கு வந்து செல்வதைக் கண்டார். நூலகம் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. ஊருக்கே உரியது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஆயினும் ஒரு குறை அவரை உறுத்தியது. அக்கால நூலகங்கள் பெரும்பாலும் 1876இல் வெளிவந்த தூவியின் தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றின. அதில் எல்லாப் பொருள்களுக்கும் எண்கள் முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தன. புதிய பொருள் ஒன்று தோன்றினால் அதற்குரிய இடத்தைத் தேட வேண்டியிருந்தது. இந்தியப் பொருள்களுக்கு அதில் கிடைத்த இடமோ மிகவும் சிறியது.

அந்நாளில் செல்பிரிட்ஜஸ் என்னும் பெருங்கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகியவை அதில் இருந்தன. அதே துண்டுகளை வேறு வேறு வகையில் இணைத்து வேறு வேறு பொம்மைகளைச் செய்ய முடிந்தது. எண்களையும் இவ்வாறே துண்டுகளாக வைத்துக்கொண்டு, நூலுக்கு ஏற்றவாறு இணைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. துண்டுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியைக் கொண்டார். ஊர் திரும்பும் கப்பலிலேயே அம்முறையை வகுக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் முக்காற்புள்ளியின் பெயர் கோலன். ஆதலால் 1933ஆம் ஆண்டு வெளிவந்த அம்முறை கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்றது.

துயரும் தொண்டும்

1928ஆம் ஆண்டு அரங்கநாதனின் வாழ்வில் கடினமான ஆண்டு. சென்னை நூலகச் சங்கம் தோன்றிய ஆண்டும் அதுவே. அவர் மனைவி உருக்மிணி விபத்தொன்றில் உயிரிழந்த ஆண்டும் அதுவே. அத்துயரைத் தாங்கிக்கொண்டு அவர் தம் பணியைத் தொடர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் சிதம்பரத்தில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தில் நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றிப் பேசினார். அவ்விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன.

நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. படிக்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் ஓர் உயிர்போல வளர்ந்துகொண்டே இருக்கும். இவை மற்ற நான்கு விதிகளின் சாரம். இன்று உலகின் பல நாடுகளில் நூலகவியல் மாணவர்கள் இவ்விதிகளைப் பயில்கின்றனர்.

சொல்லியதைச் செய்தும் காட்டினார். வாசகர்கள் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் உரிமையை அளித்தார். நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1931இல் மன்னார்குடிப் பகுதிச் சிற்றூர்களுக்கு நூல்களைச் சுமந்து சென்ற மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தார். 1936இல் பல்கலைக்கழக நூலகம் கடற்கரைச் சாலையில் தனக்கென எழுந்த கட்டடத்தில் குடிபுகுந்தது.

நூல் எண்ணின் கதை

ஒரு பொருள் பற்றிய நூல்களை ஒன்றுசேர்ப்பது வகை எண்ணின் வேலை. அவ்வாறு சேர்ந்த நூல்களுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது நூல் எண்ணின் வேலை. சேர்ப்பதும் வேண்டும், பிரிப்பதும் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே நூலின் முகவரி.

கோலன் முறையில் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து இலக்கியத்தைக் குறிக்கும். தமிழ் மொழிக்கு உரிய எண் 31. கவிதைக்கு உரிய எண் 1. கவிஞரைக் குறிக்க அவர் பிறந்த ஆண்டு பயன்படும். பாரதியார் பிறந்தது 1882ஆம் ஆண்டு. ஆயிரத்து எண்ணூறுகளுக்கு ‘எம்’ என்பது குறியீடு; ஆகவே அவர் ‘எம்82’ ஆவார். எனவே பாரதியாரின் கவிதை நூல்கள் யாவும் ‘ஓ31,1எம்82’ என்னும் எண்ணின்கீழ் ஒன்றுகூடும். அவை எந்த அட்டையோடு வந்தாலும், எந்த ஊரில் அச்சானாலும் ஒரே தட்டில் நிற்கும்.

இனி அவற்றைப் பிரிக்க வேண்டும். பாரதியாரின் படைப்புகள் பின்னாளில் பொதுவுடைமையாயின. அதன்பின் அவற்றைப் பல பதிப்பகங்கள் வெளியிட்டன. ஆகவே பிரிக்க வேண்டிய தேவை பெரிது. இங்கே அரங்கநாதன் வெளியான ஆண்டைக் கைக்கொண்டார். 1950 முதல் 1959 வரையுள்ள ஆண்டுகளுக்கு ‘ஜே’, 1960 முதல் 1969 வரையுள்ள ஆண்டுகளுக்கு ‘கே’ என்று பத்தாண்டுக்கு ஓர் எழுத்தை வகுத்தார். 1955இல் வெளியான நூல் ‘ஜே5’ ஆகும். 1968இல் வெளியான நூல் ‘கே8’ ஆகும். ஒரே ஆண்டில் இரண்டு பதிப்பகங்கள் வெளியிட்டிருந்தால் இரண்டாவதற்கு மேலும் ஓர் எண் சேரும். ஒரே நூலின் கூடுதல் படிகளை அரைப்புள்ளியும் எண்ணும் காட்டும்.

மொழிபெயர்ப்புக்கும் வழி உண்டு. பாரதியாரின் கவிதைகள் ஆங்கிலத்தில் வந்தாலும் அவற்றின் வகை எண் தமிழ்க் கவிதையின் எண்ணாகவே இருக்கும். ஆங்கிலத்துக்குரிய 111 என்னும் எண்ணும், மராத்திக்குரிய 155 என்னும் எண்ணும் நூல் எண்ணில்தான் இடம்பெறும். மொழி மாறினாலும் நூல் தான் பிறந்த வீட்டை மறப்பதில்லை.

எண்ணை அமைத்ததோடு அவர் நிற்கவில்லை. நூற்பட்டி எழுதும் விதிகளைத் தனி நூலாக 1934இல் வெளியிட்டார். நூலாசிரியர், தலைப்பு, பதிப்பு, நூலகச் சேர்க்கை எண் ஆகியவற்றை அட்டையில் எந்த வரிசையில் எழுதுவது என்பதை அந்நூல் வரையறுத்தது. நூல் எண்ணே ஆண்டைச் சொல்லிவிடுவதால் அதனை அட்டையில் மீண்டும் எழுதவேண்டிய தேவை குறைந்தது. வாசகரின் நேரத்தோடு நூலகரின் நேரமும் மிச்சமாயிற்று.

பதிப்பும் மறு அச்சும்

நூலின் உள்ளடக்கத்தில் மாற்றம் செய்து மீண்டும் வெளியிட்டால் அது புதிய பதிப்பு. மாற்றம் இன்றி மீண்டும் அச்சிட்டால் அது மறு அச்சு. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் படிப்பவருக்கு அது பெரியது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் முதன்முதலாகப் பதிப்பித்தார். 1907இல் அதன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார. ஓர் அறிஞர் இரண்டாம் பதிப்பைக் கேட்கும்போது முதற்பதிப்பைத் தந்தால், இருபது ஆண்டு உழைப்பு அவர் கண்ணில் படாமலே போகும். அதுபோலவே முதற்பதிப்பைக் கேட்பவருக்கு இரண்டாவது பயன்படாது.

ஆகவே நூலகர்கள் புதிய பதிப்பைத் தனி நூலாகப் பட்டியலில் ஏற்றுவர். மாற்றமில்லாத மறு அச்சைப் பெரும்பாலும் கூடுதல் படியாகவே கொள்வர். இந்தியச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் குறிப்பிட்ட பிற பொது நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். சென்னைக் கன்னிமாரா நூலகமும் மும்பை மத்திய நூலகமும் அவற்றுள் அடங்கும். ஆனால் முன்னரே ஒரு பதிப்பை அனுப்பியிருந்து, மாற்றம் ஏதுமின்றி மீண்டும் வெளியிட்டால் அனுப்ப வேண்டியதில்லை. சென்னையில் அச்சாகும் தமிழ் நூலும் இச்சட்டத்தால் மும்பைக்கு வந்து சேர்கிறது.

மும்பையில் அச்சான நூல்

அரங்கநாதன் 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களை இரண்டே ஆண்டுகளில் தாமே வகைப்படுத்தினார். பின்னர் தில்லியில் கற்பித்தார். சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் வாழ்ந்தார். எங்குச் சென்றாலும் தம் முறையைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

கோலன் பகுப்பு முறையின் ஆறாம் பதிப்பு 1960இல் மும்பையின் ஆசியா பப்ளிஷிங் ஹவுஸ் வழியாக வெளிவந்தது. 1963இல் அதே ஆறாம் பதிப்பு சில திருத்தங்களோடு மீண்டும் அச்சாயிற்று. இரண்டிற்கும் ஆறாம் பதிப்பு என்றே பெயர். ஆனால் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. நூல்களைப் பிரித்தறியக் கற்றுத் தந்தவரின் நூலுக்கே அச்சிக்கல் நேர்ந்தது. அதைத் தீர்க்கவும் அவர் முறையே உதவியது. முன்னது ‘கே0’, பின்னது ‘கே3’. சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் எது திருத்தம் பெற்றது என்று தெரிந்துவிடும்.

ஊருக்கொரு நூலகம்

நூலகம் சிலரின் கொடையால் மட்டும் வளர முடியாது, அதற்குச் சட்டத்தின் துணை வேண்டும் என்று அரங்கநாதன் பல்லாண்டுகள் வாதிட்டார். அதன் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் மாநிலம் ஒன்று இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே. மகாராட்டிரத்தில் அத்தகைய சட்டம் 1967இல் வந்தது.

தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, நூலகவியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி அமையச் செய்தார். அப்பதவி அவர் இரண்டாம் மனைவி சாரதாவின் பெயரையும் தாங்கியது. 1957இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1962இல் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியரானார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் இயற்கை எய்தினார். கோலன் முறையின் ஏழாம் பதிப்பை அவர் சீடர் எம்.ஏ. கோபிநாத் 1987இல் வெளிக்கொணர்ந்தார்.

1998இல் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு, ஒரு நூலை நான்கு நிலைகளில் காண வேண்டும் என்று வரையறுத்தது. ஆசிரியரின் உள்ளத்தில் பிறந்த படைப்பு, அது மொழியில் பெற்ற வடிவம், அச்சில் பெற்ற உருவம், கையில் உள்ள தனிப்படி என்பன அவை. கணினிப் பட்டியல்களுக்காக எழுந்த சிந்தனை அது. சீட்டும் அட்டையும் மட்டும் இருந்த காலத்திலேயே அரங்கநாதனின் எண் ஆசிரியரையும் மொழியையும் ஆண்டையும் படியையும் தனித்தனியே காட்டியது.

ஆகஸ்ட் 12ஆம் நாளை இந்தியா தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடுகிறது. அரங்கநாதன் சீர்காழியை விட்டுப் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் சென்று வாழ்ந்தவர். அவர் வகுத்த எண் கொண்ட தமிழ் நூலும் அவ்வாறே. அது எந்த நகரத்தின் நூலகத்தில் இருந்தாலும் 31 என்னும் எண் அதன் தாய்மொழியைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

சொற்பொருள்

ஐயம் – சந்தேகம்
சலித்தார் – வெறுப்புற்றார்
சாரம் – உட்கருத்து
நூற்பட்டி – நூலகத்தில் உள்ள நூல்களின் பட்டியல்
படி – ஒரு நூலின் தனிப் பிரதி
பொதுவுடைமை – எல்லாருக்கும் உரியது
முக்காற்புள்ளி – இரண்டு புள்ளிகள் கொண்ட நிறுத்தக்குறி

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. அரங்கநாதன் பிறந்த ஊர் ________.
2. கோலன் பகுப்பு முறை வெளிவந்த ஆண்டு ________.
3. கோலன் முறையில் தமிழ் மொழிக்கு உரிய எண் ________.
4. 1957இல் வெளியான நூலின் ஆண்டுக் குறியீடு ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. விடாமுயற்சி
2. அம்முகவரி
3. தனிப்படி

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அரங்கநாதன் ஏன் கணித ஆசிரியர் பணிக்குத் திரும்ப விரும்பினார்?
2. மெக்கானோ விளையாட்டுப் பொருள் அவருக்கு எவ்வகையில் உதவியது?
3. பதிப்புக்கும் மறு அச்சுக்கும் உள்ள வேறுபாடு யாது?

ஈ. விரிவாக விடை எழுதுக.
1. பாரதியாரின் கவிதை நூல்களைக் கோலன் முறை எவ்வாறு ஒன்றுசேர்க்கிறது? எவ்வாறு பிரித்துக் காட்டுகிறது?
2. நூலகவியலின் ஐந்து விதிகளுள் உனக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?

உ. செயல்பாடு
உன் வீட்டில் உள்ள தமிழ் நூல்களுள் ஐந்தினைத் தேர்ந்தெடு. ஒவ்வொன்றின் முதற்பக்கங்களையும் பார்த்து, பதிப்பு எத்தனையாவது, அச்சான ஆண்டு எது, வெளியிட்டவர் யார் என்பவற்றை அட்டவணையாக எழுது. அந்நூல் மும்பைக்கு எவ்வாறு வந்தது என்பதை வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டு இரண்டு தொடர்களில் எழுது.